வண்டிக்குப் பசை போட்டால் தாங்குமா?

1983-ல் லண்டன் குரோம்வெல் சாலையில் போனவர்கள் ஒரு விளம்பரப் பலகையைக் கண்டு கழுத்தைத் திருப்பினார்கள். ஃபோர்டு கார்ட்டினா கார் ஒன்று பலகையில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. படம் இல்லை, நிஜமான கார். அரால்டைட் பசைக்கான விளம்பரம் அது. தேநீர்க் குடுவையின் கைப்பிடியையும் இது ஒட்டும் என்று பக்கத்திலேயே குறும்பாக ஒரு வரி. கொஞ்ச நாள் கழித்து அந்தக் காரின் மேல் இன்னொரு கார் ஏறியது. கடைசியில் கார் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. எப்படிப் பிய்த்தெடுத்தோம் என்று யூகியுங்கள் பார்ப்போம் என்கிற தொனியில் கம்பெனி அதையும் ஒரு விளம்பரமாக்கியது.

விளம்பரத்துறைக்காரர்கள் இன்றும் பேசும் அந்தப் பலகை பொய் சொல்லவில்லை. ஒரு காரின் எடையை அரால்டைட் போன்ற எபாக்ஸிப் பசை தாங்கும். ஆனால் கார்ட்டினா அங்கே சும்மா நின்ற வண்டி. இன்ஜின் சூடு கிடையாது, பள்ளம் மேட்டில் குலுங்கவில்லை, ஒட்டிய இடம் பெட்ரோலில் ஊறவில்லை. ரிப்பேருக்கு வரும் வண்டியில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும்.

தமிழ்நாட்டு டூவீலர் ஒர்க்‌ஷாப்புகளில் சகஜமான ஒரு கேஸை எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வயதான பைக். லீக்கை முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான். டேங்கின் அடி ஜாயின்ட் ஓரமாகத் தடவினால் பெயின்ட் கொப்பளித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செம்பழுப்பாகத் துரு உதிரும். நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஈரப் புள்ளி. துணியால் ஒற்றினால் காய்ந்துவிடும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி ஈரம்.

அனுபவப்பட்ட மெக்கானிக் முதலில் எடுப்பது சோப்புக் கட்டியை. காய்ந்த சோப்பை அந்தப் புள்ளியில் அழுத்தித் தேய்த்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதுதான் சூட்சுமம். வண்டி வீடு போய்ச் சேர அது போதும். பெட்ரோலில் எத்தனால் கலந்த பிறகு இந்தக் கைவைத்தியத்தின் மீதும் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. எத்தனால் ஒரு ஆல்கஹால். சோப்பு ஆல்கஹாலில் கரையும்.

வீடு போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது? டேங்க் இரும்புத் தகடு, வெல்டு வைப்பதுதான் முறை. ஆனால் காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். வடித்துவிட்ட டேங்கின் மூலையில் தங்கிய சில சொட்டுகளே அந்தக் கலவையை உண்டாக்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, வெயிலில் வைத்து, ஓட்டை மேலே வரும்படி திருப்பி, அதற்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, ஆவிக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டுத்தான் கேஸ் வெல்டிங் டார்ச்சைப் பற்ற வைப்பார்கள். இதற்கு அரை நாளாவது ஆகும். பெயின்ட் கருகும், மறுபடி அடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பயம் போகாது. பல வெல்டர்கள் டேங்க் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

பசை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. நெருப்பு வேண்டாம், டேங்கைக் கழற்ற வேண்டாம், பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இரண்டு உருண்டைகளைப் பிசைந்து அப்பினால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

இந்தப் பசையின் பூர்வீகம் கார் சம்பந்தப்பட்டதே இல்லை, பல் சம்பந்தப்பட்டது. 1930களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் பல் மருத்துவப் பொருள்கள் செய்த டெ ட்ரே என்ற கம்பெனியில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் செயற்கைப் பல்செட்டுக்கு ஏற்ற, இறுகும்போது சுருங்காத ஒரு பொருளைத் தேடினார். கிடைத்தது எபாக்ஸி. பல்செட்டாக அது எடுபடவில்லை. உரிமத்தை வாங்கிய சீபா கம்பெனி 1946-ல் அதை அரால்டைட் என்ற பெயரில் பசையாகக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் தனியாக இதே வழியில் வந்து சேர்ந்தார். இந்தியாவில் அரால்டைட், எம்-சீல் இரண்டுமே இன்று பிடிலைட் வசம் இருக்கின்றன. எம்-சீலை 2000-ல் மஹிந்திரா குழுமத்திடமிருந்தும், அரால்டைட்டின் இந்திய வியாபாரத்தை 2020-ல் ஹன்ட்ஸ்மன் நிறுவனத்திடமிருந்தும் அது வாங்கியது. அமெரிக்காவில் இந்தக் குடும்பத்தின் பிரபல வாரிசு ஜேபி வெல்டு. டெக்சாஸ் மாநிலம் சல்ஃபர் ஸ்பிரிங்ஸில் சாம் பானம் என்ற மெஷின் ஷாப்காரர் 1969-ல் தொடங்கியது. இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி அது. தண்ணீர், பெட்ரோலியப் பொருள்கள், அமிலம் எல்லாம் தாங்கும் என்பது அந்தக் கம்பெனியின் வாக்கு.

வாக்கு பொய்யில்லை. ஃபெவிகாலைப் போல எபாக்ஸி காய்வதில்லை, வேதிமாற்றம் அடைகிறது. இரண்டு பாகமாக வரும் ரெசினும் ஹார்டனரும் கைகோத்து, முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையை எந்தக் கரைப்பானும் சர்க்கரையைக் கரைப்பதுபோலக் கரைத்துவிட முடியாது. அதிகபட்சம் வலைக்கண்களுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கலாம், இளக வைக்கலாம். எவ்வளவு புகும் என்பது வலை எவ்வளவு நெருக்கம், புகுகிற திரவம் எந்த ஜாதி என்ற இரண்டையும் பொறுத்தது. பெட்ரோலின் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன். மின்சார ரீதியில் சுணக்கமான மூலக்கூறுகள். எபாக்ஸியோ ஹைட்ராக்ஸில் கொத்துகள் நிறைந்தது. இரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு. நன்றாக இறுகிய எபாக்ஸி பழைய பெட்ரோலில் வருஷக்கணக்கில் கிடந்ததன் காரணம் இதுதான்.

அதற்கு உலகம் அறிந்த ஓர் அத்தாட்சியும் உண்டு. 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா ஈகரும் வாயேஜர் என்ற விமானத்தில், எங்கும் இறங்காமல், நடுவானில் எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். அந்த விமானத்தின் உடலே கார்பன் இழையும் எபாக்ஸியும்தான். அதற்குள் 17 எரிபொருள் டேங்குகள். மூன்று டன்னுக்கும் மேற்பட்ட விமானப் பெட்ரோலை அந்த உடல் சுமந்தது. ஆனால் விமானப் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. நம் கதை அந்த ஒரு வித்தியாசத்தில்தான் திரும்புகிறது.

எத்தனால் வந்த பிறகு

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகம் செய்தார். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை அரசு 2025-க்கே கொண்டுவந்தது, எட்டியும் விட்டது. இப்போது பங்கில் சாதாரணப் பெட்ரோல் என்று கேட்டால் கிடைப்பதே இ-20தான். 2025 ஆகஸ்டில் எழுந்த சர்ச்சையில் எல்லோரும் மைலேஜைப் பற்றித்தான் பேசினார்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. இ-20 கூடாது என்று தொடுத்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தள்ளுபடி செய்தது. ரப்பரைப் பற்றிப் பேசியவர்கள் பசையைப் பற்றிப் பேசவில்லை. பழைய டேங்குகளில் எத்தனை இடத்தில் பசை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

எத்தனாலிலும் ஹைட்ராக்ஸில் கொத்து இருக்கிறது. எபாக்ஸிக்கு அது வேற்றாள் இல்லை. மூலக்கூறும் சிறியது. வலைக்குள் பெட்ரோல் நுழையத் தயங்கிய இடத்தில் எத்தனால் சுலபமாக நுழையும், நுழைந்து பசையை இளக்கும். பெட்ரோலில் உள்ள டொலுயீன் போன்ற நறுமண வகைச் சேர்மங்களும் கூடச் சேர்ந்தால், பல பிளாஸ்டிக், ரப்பர் வகைகளில் கலவை தனித்தனித் திரவங்களைவிட அதிகமாக உப்ப வைக்கிறது. வாகன ஆய்வுக்கூடங்களில் எரிபொருள் பாகங்களைச் சோதிக்க டொலுயீனும் ஐசோ ஆக்டேனும் பாதிக்குப் பாதி கலந்து, அதில் எத்தனாலைச் சேர்த்து ஊற வைப்பதும் இதனால்தான்.

எத்தனாலின் இரண்டாவது வேலை இன்னும் நைசானது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். அங்கேதான் ஜாயின்ட். மாதக்கணக்கில் எடுக்காமல் ஷெட்டில் நிற்கும் பைக்குகளின் டேங்க் அடியில் துரு பிடிப்பது இப்படித்தான்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் படகுகள் வழியாக வந்தது. பெர்ட்ராம், ஹாட்டராஸ் போன்ற கம்பெனிகளின் பழைய படகுகள் சிலவற்றில் ஃபைபர் கிளாஸ் டேங்குகள் உண்டு. பல வருஷங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் 2004-ல், பெட்ரோலில் கலந்துவந்த எம்டிபிஇ என்ற சேர்மத்துக்குத் தடை வந்து, அதற்குப் பதிலாக 10 சதவீத எத்தனால் நுழைந்தது. அதன் பிறகு இன்ஜின்களின் இன்டேக் வால்வுகளில் கறுப்பாக, தார் மாதிரி ஒரு பிசின் படிய ஆரம்பித்தது. டேங்கின் ரெசின் எத்தனாலில் கசிந்து, இன்ஜினுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ரெசின் பாலியஸ்டர். எபாக்ஸியைவிடப் பலவீனமான இனம். எல்லாவற்றையும் ‘ஃபைபர்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட நமக்கு இது முக்கியம். டிங்கரிங் ஒர்க்‌ஷாப்பில் சிவப்பு ஹார்டனர் சேர்த்துப் பூசும் பட்டியும் பாலியஸ்டர்தான். நசுங்கலை நிரப்ப அது அருமையான பொருள். அதைப் பெட்ரோல் லீக்கில் பூசுவது வீண் வேலை.

எபாக்ஸியிலேயே ஒசத்தியான ஜாதி ஒன்று உண்டு. நோவலாக் எபாக்ஸியில் வலைக்கண்கள் மிக நெருக்கமாக இருக்கும். ரசாயனங்களையும் ஆல்கஹாலையும் பெட்ரோலையும் ஏற்றிச் செல்லும் டேங்கர் கப்பல்களின் உட்சுவர்களில் ஃபீனாலிக், நோவலாக் வகை எபாக்ஸிப் பூச்சைத்தான் நம்பிப் பூசுகிறார்கள். பைக் டேங்குக்கு உள்ளே ஊற்றிச் சுழற்றிப் பூசும் லைனர்களிலும் நோவலாக் வகை வந்துவிட்டது. விலை அதிகம்தான். மலிவான லைனர் எத்தனாலில் இளகி, தோல் தோலாக உரிந்து, பெட்ரோல் காக்கின் ஃபில்டரை அடைக்கும். அதை உரித்தெடுப்பது புது டேங்க் வாங்குவதைவிடத் தலைவலி.

கழன்று விழுந்த கட்டியின் அடிப்பக்கம்

எம்-சீல் வைத்த டேங்க் சில மாதங்களில் மறுபடி லீக் ஆனால், மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தில் ஒரு நெம்பு நெம்புவார். கட்டி முழுசாகக் கழன்று கையில் வரும். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அங்கே பழுப்புத் துருவும் பெயின்ட் செதிலும் அப்படியே பதிந்திருக்கும். பசை உடையவில்லை, கரையவும் இல்லை. துருவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அந்தத் துருவோடு சேர்ந்து டேங்கை விட்டு வந்துவிட்டது. வண்டியில் எபாக்ஸி தோற்றதாகச் சொல்லும் கேஸ்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

டேங்கில் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு புள்ளி தெரிகிறது என்றால் உள்ளே அதைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகடு காகிதமாக மெலிந்திருக்கும். பசை வைத்தவர் அடைத்தது ஓட்டையை மட்டும். அடுத்த ஓட்டை கட்டியின் ஓரத்தில் திறக்கும். கூடவே, பெரும்பாலும் லீக் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே பசையை அப்புகிறார்கள். தகட்டுக்கும் பசைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்ரோல் படலம் இருக்கும். எந்த எபாக்ஸியும் அதைத் தாண்டி உலோகத்தைப் பிடிக்காது. அப்புவதானால் பெட்ரோலை முழுக்க வடித்து, ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, காயவிட்டு, உடனே வைக்க வேண்டும். ‘உடனே’ என்பது இங்கே அலங்காரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. சென்னையின் ஈரக்காற்றில், தேய்த்த இரும்பு அதே நாளில் மங்க ஆரம்பிக்கும்.

அளவிலும் தப்பு நடக்கும். சாதாரண அரால்டைட்டில் ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 80 கிராம், கன அளவில் சரிக்குச் சரி. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கூட்டினால் சீக்கிரம் இறுகாது. மிஞ்சிய ஹார்டனர் வலையில் சேராமல் உள்ளே அநாதையாகக் கிடக்கும். பெட்ரோல் முதலில் உறிஞ்சி எடுப்பது அதைத்தான். அவசரமும் ஆகாது. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், முழு பலம் வரச் சில நாள் ஆகும். அன்று சாயங்காலமே டேங்கை நிரப்பினால் பாதி பின்னிய வலையில்தான் பெட்ரோல் போய் விழுகிறது.

அஞ்சு நிமிஷ எபாக்ஸி இன்னொரு மயக்கம். அவற்றில் பல மெர்காப்டன் வகை ஹார்டனரால் வேகமாக இறுகுகின்றன. அந்த வேகத்துக்கு விலை, சூட்டையும் கரைப்பானையும் தாங்கும் சக்தி. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி பொதுவாக 50, 60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கண்ணாடித்தன்மை விட்டு இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் நிறுத்திய கறுப்பு டேங்கைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். பேக்கெட்டில் 200 டிகிரி, 280 டிகிரி என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சூட்டில் கருகாமல் இருப்பதும், அந்தச் சூட்டில் சுமை தாங்குவதும் வெவ்வேறு சங்கதி.

சுமை என்றதும் நினைவுக்கு வருவது பாஸ்டன். 2006 ஜூலை 10-ம் தேதி, அந்த நகரின் புதிய சுரங்கச் சாலையில் மேற்கூரையின் கான்கிரீட் பலகைகள் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கிய ஆணிகள் கூரைக்குள் எபாக்ஸியால் பதிக்கப்பட்டிருந்தன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது இது: அங்கே பயன்பட்டது சீக்கிரம் இறுகும் ரகம்; இடைவிடாத சுமையில் அது மெல்ல மெல்ல இழுபட்டு நீண்டு, ஆணிகளை விட்டுவிட்டது. சோதனையில் இழுத்துப் பார்த்தபோது ஆணிகள் தாங்கத்தான் செய்தன. வருஷக்கணக்கில் விடாமல் தொங்கியபோதுதான் விட்டன.

பசை ஜெயிக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1960களிலிருந்து பல காலம் வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் அடியில் சில சின்ன அலுமினிய அடைப்பான்கள் உண்டு. அவை கசிந்து, நிறுத்தி வைத்த காரில் பெட்ரோல் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யத் திண்டாட்டம். கார்புரேட்டர் பிரித்துப் பூட்டுபவர்கள் அந்த அடைப்பான்களைச் சுத்தம் செய்து எபாக்ஸி பூசிவிடுவது அமெரிக்காவில் வழக்கமாகவே ஆகிவிட்டது. பெட்ரோலில் உட்கார்ந்தபடியே அது வேலை செய்தது. இடம் மிகச் சின்னது, உலோகம் கெட்டியானது, இழுக்கும் சுமை ஏதுமில்லை, பூசுபவர் மேஜையில் உட்கார்ந்து நிதானமாகப் பூசுகிறார். ஓர் ஒட்டுக்கு இதைவிட நல்ல ஜாதகம் அமையாது.

கல் அடித்துக் கீறல் விட்ட அலுமினிய ஆயில் சம்ப்பிலும் அப்படித்தான். இன்ஜின் ஆயில் எபாக்ஸிக்குப் பெரிய எதிரி இல்லை. கழற்றி, ஆயில் வாடையே இல்லாமல் கழுவி, கீறலை வி வடிவில் அறுத்து நிரப்பினால் பல வருஷம் ஓடும். ரேடியேட்டரில் நிலைமை வேறு. தினமும் சூடாகி ஆறுகிறது, உள்ளே அழுத்தம் வேறு. அலுமினியம் விரிவதைப்போல எபாக்ஸி இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். ஒவ்வொரு முறையும் ஒட்டு விளிம்பில் இழுபறி. ஊர் போய்ச் சேரும் வரை தாங்கினால் அதிர்ஷ்டம். பம்பர், கார்களின் பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க் இரண்டையும் பற்றிப் பேச்சே வேண்டாம். பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டிலும் எபாக்ஸி ஒட்டாது. இன்றைய கார் டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான். அதில் எம்-சீல் வைத்தால் நகத்தாலேயே எடுத்துவிடலாம்.

தொழிற்சாலையின் பசை, தெருவின் பசை

பசையை இவ்வளவு திட்டிய பிறகு ஒரு வேடிக்கை. நீங்கள் ஓட்டும் கார் பெரும்பாலும் எபாக்ஸியில் முங்கி எழுந்ததுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஆகட்டும், ஜெர்மனி ஆகட்டும், பெயின்ட் அடிப்பதற்கு முன் பாடியைத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சிப் பூசும் துருத்தடுப்பு பிரைமர் எபாக்ஸி வகைதான். கதவு, பானெட் விளிம்புகளின் மடிப்புக்குள் ஓடுவதும் எபாக்ஸி. பாடியின் முக்கிய ஜாயின்ட்டுகளிலும் ஸ்பாட் வெல்டோடு சேர்த்து மீட்டர் கணக்கில் ஓடுகிறது.

1996-ல் வந்த லோட்டஸ் எலைஸ் இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. அதன் அலுமினிய சேஸிஸில் பாகங்களை வெல்டு வைக்கவில்லை. சீபாவின் எபாக்ஸியால் ஒட்டினார்கள். மொத்த சேஸிஸ் 68 கிலோ. அத்தனை மெல்லிய அலுமினியத்தில் வெல்டு வைத்தால் சூட்டில் வளையும், பலமும் குறையும். பசைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் லோட்டஸ் பசையை மட்டும் நம்பிவிடவில்லை; ஒட்டுகளில் ஸ்க்ரூவும் போட்டது. ஸ்டிக்கர் பொட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் நகராது, ஓரத்தில் நகம் கொடுத்துக் கிளப்பினால் சட்டென்று வந்துவிடும். எபாக்ஸியின் குணமும் அதுதான். மோதலில் ஒட்டின் ஓரம் கிளம்பி உரிய ஆரம்பிக்காமல் பிடித்துக்கொள்வது ஸ்க்ரூவின் வேலை. 2003 ஜாகுவார் எக்ஸ்ஜே கார் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளையும் பசையையும் ஜோடி சேர்த்ததும் இதே கணக்கில்தான்.

தொழிற்சாலையில் பூசும் பசை பெயின்ட் அடுப்பில் 170, 180 டிகிரியில் வெந்து இறுகும். தகட்டின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக்கூட அந்தச் சூட்டில் உறிஞ்சிக்கொள்ளும்படி தயாரித்தது. மோதலில் நொறுங்காமல் நெகிழ, உள்ளே ரப்பர் துகள்களும் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் அந்த அடுப்பு ஏது? ரிப்பேருக்கென்று வரும் இரண்டு பாக எபாக்ஸியை அறை வெப்பத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். அது மட்டமான பசை என்று சொல்ல முடியாது. எங்கே வைக்க வேண்டும் என்று கார் கம்பெனியின் ரிப்பேர் கையேடு சொல்கிறதோ அங்கே வைத்தால் நன்றாகவே தாங்கும்.

வேறு இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸில் ஒரு வழக்கு இருக்கிறது. 2010 மாடல் ஹோண்டா ஃபிட் கார்; இந்தியாவில் ஜாஸ் என்று விற்ற அதே வண்டி. ஆலங்கட்டி மழையில் கூரை நசுங்க, டல்லாஸில் ஒரு பாடி ஷாப் கூரையை மாற்றியது. ஹோண்டாவின் கையேடு நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டு வைக்கச் சொல்கிறது. ஷாப் பேனல் ஒட்டும் எபாக்ஸியால் ஒட்டிவிட்டது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கிய தம்பதிக்கு இந்த விஷயமே தெரியாது. 2013 டிசம்பரில், மழையில் வழுக்கி வந்த பிக்கப் ட்ரக் அவர்கள் மேல் மோதியது. இருவருக்கும் பலத்த காயம். கார் தீப்பிடித்து எரிந்தது. கூரை பிரிந்ததால் கூண்டு தன் வடிவத்தை இழந்தது, அதனால்தான் எரிபொருள் டேங்கும் அடிபட்டது என்பது அவர்கள் தரப்பு வாதம். 2017-ல் ஜூரி சுமார் 4.2 கோடி டாலர் நஷ்டஈடு நிர்ணயித்து, அதில் முக்கால் பங்குப் பொறுப்பைப் பாடி ஷாப்பின் தலையில் வைத்தது. அமெரிக்க பாடி ஷாப் உலகம் ‘கையேட்டை எடு’ என்று அலற ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

இந்த வழக்கில் பசையைக் குற்றவாளியாக்குவது சுலபம். ஆனால் அதே பசை ஒரு கதவின் வெளித்தகட்டிலோ பின்பக்க ஃபெண்டரிலோ இருந்திருந்தால் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே ஒட்டு விட்டால் சத்தம் வரும், தண்ணீர் இறங்கும், காசு போகும். கூரை, பில்லர், பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் லைன் இவற்றில் ஒட்டு விட்டால் ஆள் போகும். பைக் டேங்கும் இந்த இரண்டாவது பட்டியலில்தான் வரும். தொடைக்கு நடுவில், சூடான இன்ஜினுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அதில் எபாக்ஸியைத் தற்காலிக அடைப்பாக வைத்துக்கொண்டு, கழுவி வெல்டு வைக்கத் தெரிந்த ஆளையோ புது டேங்கையோ தேடுவதுதான் சரி.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஓடோமீட்டரையும் டயரையும் பார்க்கிறார்கள். கூடவே கதவைத் திறந்து, வாசலைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்துக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் சட்டைப் பட்டன் அளவில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். கம்பெனி ரோபோ வைத்த ஸ்பாட் வெல்டுகள் அவை. இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் வரிசை இருந்து, மறுபக்கம் மொழுமொழுவென்று பட்டியும் பெயின்ட்டுமாக இருந்தால், எந்த வருஷம், எங்கே, எதை வைத்து வேலை பார்த்தார்கள் என்று பில்லோடு கேட்க வேண்டும். பீடிங்கைத் திரும்ப மாட்ட உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினால் போதும்.